எரிபொருள் கிடங்குத் தூசி: உள்ளூர் விதிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எண்ணெய்ச் சுத்திகரிப்பில் மிஞ்சும் பெட்கோக் என்னும் கரி, சிகாகோவின் தென்கிழக்கில் கேலுமெட் ஆற்றங்கரையில் மலைமலையாகக் குவிக்கப்பட்டிருந்தது. 2013 ஆகஸ்ட் இறுதியில் வீசிய பலத்த காற்றில் அந்தக் கரித்தூள் பக்கத்துக் குடியிருப்புகளைச் சூழ்ந்தது. அடுத்த மார்ச்சில் நகரப் பொதுச் சுகாதாரத் துறை கொண்டுவந்த விதிகளைப் படிக்கும்போது, உள்ளாட்சி அமைப்புகள் வழக்கமாக எங்கே சறுக்குகின்றன என்பது தெளிவாகிறது.

"தூசி பரவாமல் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்பதோடு நிறுத்திக்கொள்வதுதான் முதன்மையான தவறு. தக்கது எது என்பதை நிறுவனமே முடிவுசெய்துகொள்ளும். ஆய்வுக்கு வரும் அதிகாரியிடம் அளவுகோலே இருக்காது. சிகாகோவின் விதிகளோ குவியலின் உயரத்துக்கு 30 அடி, ஆற்றிலிருந்து இடைவெளிக்கு 50 அடி, ஏற்றி இறக்கும் வேலையை நிறுத்துவதற்கான காற்றின் வேகத்துக்கு மணிக்கு 15 மைல் என வரம்பு வகுத்தன. அந்த வேகத்தையும் அடுத்தடுத்து வரும் இரண்டு இடைவெளிகளின், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம், சராசரிகளைக் கொண்டே கணக்கிட வேண்டும். இந்த விளக்கம் இல்லாவிட்டால், ஒரு நொடி வீசிய காற்றா, நாள் முழுவதின் சராசரியா என்ற வாதத்திலேயே விதி நீர்த்துப்போகும்.

தண்ணீர் தெளிப்பை மட்டும் நம்புவதும் தவறு. வெயிலும் காற்றும் குவியலின் மேற்பரப்பை விரைவில் உலர்த்திவிடும். கடுங்குளிரில் குழாய்களே உறையும். வடியும் நீர் கரியைச் சுமந்துகொண்டு ஆற்றில் கலக்கும். அதனால்தான் பெரிய கிடங்குகளின் பெட்கோக்கையும் நிலக்கரியையும் முழுதும் மூடிய கட்டடத்துக்குள் கொண்டுசெல்ல அங்கே இரண்டாண்டுக் கெடு விதிக்கப்பட்டது.

குவியலில் மட்டும் கண்வைத்து, தார்ப்பாய் போர்த்தாத லாரிகளையும், கரி ஒட்டிய சக்கரங்களையும், திறந்த கன்வேயர்களையும் விட்டுவிடக் கூடாது.

புழுதி கண்ணுக்குத் தெரிந்தால்தான் குற்றம் என்று எழுதுவது மக்களின் உடல்நலத்தையே கைவிடுவதாகும். நுரையீரலுக்குள் செல்லும் 10 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்களைக் கருவிதான் காட்டும். கிடங்கின் எல்லையில் அது இடைவிடாமல் இயங்க வேண்டும். பெட்கோக்குக்காக வைக்கப்பட்ட கருவிகள்தாம், அதே வட்டாரத்தில் வேறொரு கிடங்கிலிருந்து வந்த மாங்கனீசுத் தூசியையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. நரம்பு மண்டலத்தைப் பாதிக்கக்கூடியது அது. ஒரே பொருளின் பெயரை மட்டும் எழுதும் விதி இத்தகைய ஆபத்தைத் தப்பவிடும்.

கெடுவைக் கேட்டபோதெல்லாம் நீட்டிப்பது எல்லாவற்றையும் வீணாக்கிவிடும். சிகாகோவில் கிடங்கு நிறுவனம் கூடுதல் அவகாசம் கேட்டது, நகரம் மறுத்தது, 2016இல் திறந்தவெளிக் குவியல்கள் அகற்றப்பட்டன.