கிழித்து எடுக்கும் ஓவியம்: போஸ்டர் பலகை செய்வது எப்படி?

1949இல் பாரிஸில் ரேமோன் ஹேன்ஸ், ஜாக் வில்லெக்லே என்ற இரண்டு இளைஞர்கள் தெருச்சுவரில் கிழிந்து தொங்கிய போஸ்டர்களை உரித்துக் கொண்டுவந்து ஓவியமாக்கினார்கள். இரண்டரை மீட்டருக்கும் மேல் நீளம். அதில் மிஞ்சியிருந்த எழுத்துத் துணுக்குகளைச் சேர்த்து வாசித்தே ‘ஆக் அல்மா மனெத்ரோ’ என்று பெயர் வைத்தார்கள். நம் ஊர்ச் சுவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெயர்தான் ஞாபகம் வரும்.

போஸ்டர்களை அடுக்கடுக்காக ஒட்டி, பிறகு கிழித்தெடுத்து இதே மாதிரி ஓவியத்தை வீட்டில் செய்ய ஒன்றரைக்கு ஒரு அடி பிளைவுட் பலகை போதும். போஸ்டருக்காகச் சுவரில் கை வைக்காதீர்கள். கட்சி போஸ்டரைக் கிழித்தால் சண்டை வரும். கண்ணீர் அஞ்சலியைக் கிழித்தால் ஒரு குடும்பத்தின் மனசு நோகும். மழைக்குப் பிறகு தானாக விழுந்து கிடப்பதை எடுத்துக் காயவையுங்கள். ஒட்டுகிறவர்களிடம் கேட்டால் மீந்த தாள்களும் கிடைக்கும்.

முதலில் பலகைக்கு வெள்ளை எமல்ஷன் அடித்து, காய்ந்ததும் சுவர் விளம்பரம் போலப் பட்டையான எழுத்தில் ஒரு சொல் எழுதுங்கள். நீலத்தில் எழுத்து, சிவப்பில் நிழல். இது கடைசியில் அடியிலிருந்து எட்டிப் பார்க்கும்.

அடுத்து பசை. நூறு கிராம் மைதாவை அரை லிட்டர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடி போல ஆகும்வரை கிளறிக் காய்ச்சுங்கள். பூச்சி அரிக்காமல் இருக்கச் சிட்டிகை மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்க்கலாம். அது விஷம், சமையல் பாத்திரம் கூடாது, கையுறை வேண்டும். என் முதல் பலகைக்குத் தச்சர்கள் வைத்திருக்கும் வெள்ளைப் பசையைத் தடவிவிட்டேன். ஆறு அடுக்கும் ஒரே அட்டையாக இறுகிப்போனது, நகம்கூட இறங்கவில்லை. மைதாப் பசை தண்ணீர் பட்டால் இளகும். அதனால்தான் கிழிக்க வருகிறது.

ஆறேழு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு, ஒட்டுங்கள். பசையை முழுக்கத் தடவாமல் இங்கொன்றும் அங்கொன்றுமாக இடம் விடுங்கள்.

இனி கிழிப்பது. தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, ஓரத்தில் நகம் கொடுத்து மெதுவாக உங்கள் பக்கம் இழுங்கள். பலகையில் மிஞ்சும் விளிம்பில் தாளின் வெள்ளை உள்பக்கம் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோடுதான் ஓவியத்தின் வரைகோடு, அதை அழித்துவிடாதீர்கள். தாள் ஒரு திசையில் நேராகவும் மறு திசையில் கோணல்மாணலாகவும் கிழியும். இரண்டையும் கலந்து கிழியுங்கள்.

எழுத்துக்கு வந்ததும் நிதானம் வேண்டும். ‘வெற்றிநடை’யில் கொம்பை மட்டும் உரித்தால் ‘வற்றிநடை’. ‘கால்’ துணைக்காலை இழந்தால் ‘கல்’. புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும். தமிழ் எழுத்து இப்படித் துண்டு துண்டாக வேறு சொல்லாவது எனக்கு இன்னும் தீராத அதிசயம். ஒவ்வொரு இழுப்புக்கும் பின் நாலடி தள்ளி நின்று வாய்விட்டு வாசியுங்கள். புதிதாக ஒரு சொல் கிடைத்துவிட்டதா? சரி, அந்த இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.

இரண்டு நாள் காயவிட்டு, அந்த வெள்ளைப் பசையை இரண்டு பங்கு தண்ணீரில் கரைத்து மேலே பூசுங்கள். இப்போது இறுகுவதுதான் தேவை. வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். போஸ்டர் மையில் மஞ்சளும் சிவப்பும்தான் முதலில் வெளுக்கும். தெருவில் பழைய போஸ்டர்கள் நீலம் பாரித்து நிற்பது அதனால்தான்.