லாரிக்கு இடப்பக்கம் நுழையாதீர்கள்: சைக்கிளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் வேளச்சேரி சிக்னலில் ஒரு பிளஸ் ஒன் பையனைப் பார்த்தேன். அரசு கொடுத்த சைக்கிள். நின்றிருந்த தண்ணீர் லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவே கிடைத்த சந்தில் புகுந்து முன்னால் போனான். 12 வருஷத்துக்கு முன் நான் செய்த அதே தப்பு. கூப்பிட்டுச் சொல்வதற்குள் பச்சை விழுந்துவிட்டது.

ஹெல்மெட், பிரேக் பற்றியெல்லாம் எல்லோரும் சொல்லியாகிவிட்டது. அதை விட்டுவிடுகிறேன்.

பெரிய வண்டியின் இடப்பக்கம்

நம் ஊரில் டிரைவர் வலது பக்கம், உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். கேபினை ஒட்டி இடப்பக்கம் நிற்கும் சைக்கிள்காரர் அவர் கண்ணில் படமாட்டார்; பல நேரம் கண்ணாடியிலும் தெரியமாட்டார். முன்பெல்லாம் கிளீனர் ஜன்னலில் தலையை நீட்டி இடப்பக்கம் பார்த்துச் சொல்வார். இப்போது பல லாரிகளில் டிரைவர் மட்டும்தான்.

அதைவிட ஆபத்து, லாரி இடதுபக்கம் திரும்பும்போது. முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் போகாது; உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். வண்டி நீளமாக இருந்தால் இன்னும் அதிகமாக வெட்டும். திரும்புவதற்கு முன் லாரி கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கும். நமக்கு வழி விடுகிறார் என்று நினைத்து உள்ளே போவோம். திரும்ப இடம் வேண்டுமே என்று அவர் அகலம் எடுக்கிறார், அவ்வளவுதான்.

நான் அப்படித்தான் போனேன். முன் சக்கரம் என்னைத் தாண்டியதும், சரி, தப்பித்தோம் என்று நினைத்தேன். அடுத்த நொடி ரப்பர் வாடை மூக்கில் ஏறியது. பின் டயர் முழங்கைக்குப் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. நடைபாதைக் கல்லில் போய் விழுந்தேன். சைக்கிளின் பின் சக்கரம் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. முழங்கையில் தகடு வைத்தார்கள், மழைக்காலத்தில் இன்னும் வலிக்கிறது. டிரைவர் இறங்கி வந்து, கை நடுங்க, "தம்பி, நீங்க நின்னதே எனக்குத் தெரியலை" என்றார். அவர் சொன்னது உண்மை.

"அவர் பார்த்திருப்பார்" என்று புதிதாக ஓட்டுபவர்கள் சொல்லும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. டிரைவரின் முகம் அவருடைய கண்ணாடியில் உங்களுக்குத் தெரிகிறதா? தெரியாவிட்டால் நீங்களும் அவருக்குத் தெரியமாட்டீர்கள். தெரிந்தாலும், அவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று அர்த்தமில்லை. லாரியோ பஸ்ஸோ, பின்னாலேயே நில்லுங்கள். ஒரு சிக்னல் போனால் போகட்டும்.

பின் விளக்கை மறைப்பது

சீட்டுக்கு அடியில் விளக்கை மாட்டிவிட்டு, அதன்மேல் சட்டையும் பையும் தொங்க ஓட்டுகிறார்கள். மாட்டியதும் வீட்டில் யாரையாவது பின்னால் நிற்கச் சொல்லி, ஒரு முறை தெருவில் ஓட்டிக் காட்டுங்கள். சிவப்பு ரிஃப்ளெக்டரை மட்டும் நம்ப வேண்டாம். ஹெட்லைட் பட்டால்தான் அது மின்னும். சாயங்காலம் 6 மணி வாக்கில் பல வண்டிகள் லைட்டே போட்டிருக்காது.

பளிச் நிற பனியன் போதும் என்பது

பகலுக்குச் சரி. இருட்டில் அந்த நிறம் உதவாது. கணுக்காலில் ரிஃப்ளெக்டர் பட்டை கட்டுங்கள். மிதிக்கும்போது மேலும் கீழும் போவதால், சைக்கிள் வருகிறது என்று தூரத்திலேயே தெரிந்துவிடும்.

எதிர்த்திசையில் ஓட்டுவது

நீங்கள் 20 கி.மீ. வேகம், எதிரே பைக் 40. இருவரும் நெருங்கும் வேகம் 60.

இயர்போன்

வேண்டாம். ஒரு காதில் மட்டும் என்றாலும் வேண்டாம்.