தேங்காயை மட்டும் காலைக்கு வையுங்கள்

ஏழே காலுக்கு ஸ்கூல் வேன் வந்து நிற்கிற வீட்டில், ஆறு மணிக்கு எழுந்து வெங்காயம் நறுக்கி, குருமா வைத்து, சப்பாத்தியும் தேய்த்து முடிப்பது நடக்கிற காரியமில்லை. ராத்திரியே செய்து வைத்தால் என்ன என்று எல்லோருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஒரு மே மாதம், குருமாவை முழுசாகச் செய்து இறக்கி, ஆறட்டும் என்று அடுப்பு மேலேயே மூடி வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். காலையில் மூடியைத் திறந்தால் ஓரமெல்லாம் பொடி நுரை, கரண்டி விட்டால் நூல் மாதிரி இழுக்கிறது. அத்தனையும் கொட்டியாயிற்று. அன்றைக்கு சப்பாத்திக்கு இட்லிப்பொடிதான்.

தேங்காய் அரைத்து ஊற்றிய எதுவும் சூட்டில் சீக்கிரம் ஊசிப்போகும். அதனால் இப்போது நான் குருமாவை இரண்டாகப் பிரித்துவிட்டேன்: மசாலா ராத்திரி, தேங்காய் காலையில்.

நான்கு பேருக்கு என்றால் பெரிய வெங்காயம் இரண்டு, தக்காளி இரண்டு. எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலக்காய், சோம்பு பொரிந்ததும் வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, தக்காளி, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், மல்லித்தூள், உப்பு. இதில் அவசரப்படாதீர்கள். தக்காளி உருத்தெரியாமல் கரைந்து, கரண்டியால் மசாலாவை ஒதுக்கினால் வாணலியின் அடி தெரிந்து, அந்த இடத்தில் எண்ணெய் மெல்ல ஊறி வர வேண்டும். அதுவரை தண்ணீர் விடாமல் வதக்கினால், ஆறவைத்து மூடின டப்பாவில் ஃப்ரிட்ஜில் மூன்று நாள் தாராளமாக இருக்கும். ஒரு பங்கு கூடவே வதக்கி ஃப்ரீசரில் போட்டுவிட்டால், எழுந்திருக்கவே மனசில்லாத வியாழக்கிழமைக்கு ஆகும்.

கேரட், பீன்ஸ், பட்டாணியைத் தனியாக ஒரே ஒரு விசில் விட்டு எடுங்கள். காலையில் மறுபடி கொதிக்கப்போகிறது, இப்போதே குழைந்தால் அப்புறம் கூழ்தான். உருளைக்கிழங்கை ஃப்ரீசர் பக்கமே கொண்டுபோகாதீர்கள், உருகினதும் தண்ணீர் விட்டு மணல் மணலாக ஆகிவிடும்.

தேங்காய் அரை மூடி, பொட்டுக்கடலை ஒரு ஸ்பூன், கசகசா ஒரு ஸ்பூன், பச்சை மிளகாய் நான்கு. காலையில் மிக்ஸி சத்தம் போட்டு வீட்டை எழுப்ப வேண்டாம் என்றால், ஞாயிற்றுக்கிழமையே கெட்டியாக அரைத்து ஐஸ் டிரேயில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளை ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரீசரிலேயே வைத்துக்கொள்ளலாம். காலையில் மசாலாவில் இரண்டு டம்ளர் வெந்நீர் விட்டு, கொதி வந்ததும் காயும் இந்தத் தேங்காய்க் கட்டிகளும் போட்டு, அடிபிடிக்காமல் கிளறி ஐந்தாறு நிமிஷம் கொதிக்கவிட்டால் முடிந்தது. அரைத்த விழுதுக்குப் பதில் தேங்காய்ப்பால் என்றால் கொதிக்கவே விடக்கூடாது, ஓரத்தில் நுரை கட்டும்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் திரிந்துபோகும்.

சரி, இத்தனைக்கும் மேலே குருமா மிஞ்சினால்? இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். சூடான பாத்திரத்தை அப்படியே உள்ளே வைக்காதீர்கள், வெளியே ஆறட்டும் என்று மறந்தும்போகாதீர்கள். அகலமான பேசினில் குளிர்ந்த தண்ணீர் விட்டு, அதில் பாத்திரத்தை இறக்கி இடையிடையே கிளறினால் அரை மணிக்குள் சூடு இறங்கிவிடும். பிறகு உயரமில்லாத சின்ன டப்பாக்களில் பிரித்து வையுங்கள், பெரிய குண்டான் என்றால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும், கிருமிக்குப் பிடித்த சூடு அதுதான். "நல்லா கொதிக்க வெச்சா சரியாயிடும்" என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். ஆகாது. சில பாக்டீரியா விட்டுவைக்கிற நச்சு கொதியிலும் அழியாது, வாடை மாறினால் கொட்டிவிடுவதுதான் வழி.

சுட வைக்கும்போது அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள். மொத்தத்தையும் சூடாக்கி, மிச்சத்தைத் திரும்ப உள்ளே வைத்து, மறுநாள் மறுபடி சூடாக்குவது ருசிக்கும் கேடு வயிற்றுக்கும் கேடு. பொட்டுக்கடலையும் கிழங்கும் ராத்திரி முழுக்கத் தண்ணீரை இழுத்திருக்கும், குருமா களி மாதிரி நிற்கும். கால் டம்ளர் வெந்நீர் விட்டுக் கிளறி, சின்னத் தீயில் நடுவிலும் கொதி வரும்வரை வைத்து, கடைசியில் ஒரு சிட்டிகை உப்பு பார்த்துக்கொள்ளுங்கள். மைக்ரோவேவ் என்றால் மூடி போட்டு ஒரு நிமிஷம், வெளியே எடுத்துக் கிளறி இன்னொரு நிமிஷம், ஓரம் கொதித்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் சில்லென்று இருக்கும் என்பதால்தான் இந்தக் கிளறல். கடலைமாவு போட்ட பூரி மசாலாவுக்கும் இதே கதைதான், தண்ணீர் மட்டும் இன்னும் கொஞ்சம் கூடப் பிடிக்கும். சாம்பாருக்கு வெந்நீரோடு, புதிதாகக் கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கொட்டினால் நேற்றையது என்று யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

நேற்றைய மீன்குழம்பு மட்டும் தனி ஜாதி. புளி ஊறி, காரம் அடங்கி, காலை இட்லிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அதையும் ராத்திரி ஃப்ரிட்ஜில்தான் வைக்கிறேன். சுட வைக்கும்போது கரண்டி போட்டால் மீன் உடைந்து முள்ளும் சதையுமாகிவிடும். பாத்திரத்தின் இரண்டு பக்கமும் துணியால் பிடித்து, லேசாகச் சுழற்றிச் சுழற்றி வைத்தால் போதும்.

வடகறியே மிஞ்சின மசால்வடையில் பிறந்ததுதான் என்பார்கள். அதை முன்னாடியே செய்வதானால் குழம்பும் வடையும் தனித்தனியாக இருக்கட்டும். வடை இருக்கிற தண்ணீரையெல்லாம் குடித்துவிடும், அதனால் காலையில் தோசைக்கல் காயும்போது குழம்பைக் கொதிக்கவிட்டு, வடையை உதிர்த்துப் போட்டு, ஐந்து நிமிஷத்தில் இறக்கிவிடுங்கள்.