சுவரில் கருப்புப் பூசணமா? துடைப்பதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

ஐப்பசி கார்த்திகை அடைமழை ஓய்ந்ததும் பீரோவை நகர்த்திப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டில் நகர்த்தியபோது, பின்பக்கச் சுவரில் மிளகுத்தூளைத் தூவிவிட்டது போல் முழங்கால் உயரத்துக்குக் கருப்புப் புள்ளிகள், கூடவே நனைந்த சாக்கு நாற்றம். அம்மாவின் பட்டுப்புடவை மடிப்பில்கூட வெள்ளையாகப் படர்ந்திருந்தது. அவசரமாகத் துடைத்து மேலேயே பெயிண்ட் அடித்தோம். மூன்றே மாதத்தில் பெயிண்ட் கொப்பளித்து, அதே இடத்தில் திரும்ப வந்துவிட்டது. தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் சுவரை மட்டும் துடைத்ததுதான் நாங்கள் செய்த தப்பு.

முதல் வேலை, அது பூசணம்தானா என்று பார்ப்பது. வெள்ளையாக மாவு போல் இருந்தால் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சுவரில் பூத்த உப்பு என்றால் கரைந்துவிடும், பூசணம் கரையாது. உப்பாக இருந்தாலும் உள்ளே ஓதம் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அடுத்து, சமையலறை அலுமினியத் தாளை ஒரு அடிக்கு ஒரு அடி வெட்டி, ஈரத்தைத் துடைத்த சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பிரித்தால் உட்பக்கம் நனைந்திருக்கிறதா? ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. மொட்டைமாடி விரிசல், மழைநீர்க் குழாய், சன்ஷேடு, பின்பக்கம் குளியலறை இருந்தால் அதன் டைல்ஸ் இடுக்கு, உள்ளே ஓடும் குழாய் என ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், கொத்தனாரையோ பிளம்பரையோ கூப்பிடாமல் இது முடியாது. தாளின் வெளிப்பக்கம்தான் நனைந்திருக்கிறது என்றால் அறையின் காற்றில் ஈரம் அதிகம்.

சரி, இப்போது துடைக்கலாம். N95 மாஸ்க், ரப்பர் கையுறை, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்துமா, வீசிங் இருப்பவர்களும் குழந்தைகளும் அந்தப் பக்கமே வர வேண்டாம். ஜன்னலைத் திறந்து, மற்ற அறைகளுக்குப் போகும் கதவைச் சாத்தி, ஃபேனை அணைத்துவிடுங்கள். காய்ந்த பூசணத்தை அப்படியே சுரண்டினால் வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும், அதனால் முதலில் சோப்புத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, அப்புறம் பிரஷ்ஷால் தேயுங்கள். உரிந்த பெயிண்டையும் ஈரத்தோடே சுரண்டி எடுத்துவிடுங்கள். குளியலறை டைல்ஸ் என்றால், நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கப்புக்கு மேல் போகாமல் திரவ பிளீச் கலந்து தேய்க்கலாம். ஆனால் பிளீச்சோடு டாய்லெட் ஆசிட், வினிகர் எதையும் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும், நுரையீரலையே பாதிக்கும். பத்து சதுர அடிக்கு மேல் படர்ந்திருந்தால் நீங்களே செய்யாமல் ஆள் வைத்துச் செய்யுங்கள்.

துடைத்த பிறகு ஃபேன் போட்டு நன்றாகக் காயவிடுங்கள். இந்த இடத்தில்தான் நிறைய பேர் பொறுமை இழக்கிறார்கள். திரும்ப அலுமினியத் தாள் ஒட்டிப் பார்த்து, உட்பக்கம் காய்ந்திருந்தால் மட்டும் பட்டி, பிரைமர், பெயிண்ட்.

இனி வராமல் இருக்க, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் அரை அடி இடைவெளி விடுங்கள். மழைக்காலத்தில் ஈரத்துணியைப் படுக்கையறைக் கொடியில் காயப் போடாதீர்கள். குளித்தாலும் சமைத்தாலும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், அதைக் காட்டும் சின்ன மீட்டர் கடையில் கிடைக்கிறது. சுவரோ மெத்தையோ நனைந்தால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைத்துவிடுங்கள். மழை மாதங்களில் வாரம் ஒரு முறை பீரோவுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள், நாலு புள்ளி இருக்கும்போதே பிடித்துவிட்டால் சோப்புத் தண்ணீரும் ஒரு பழைய துணியும் போதும்.