பழைய பிக்கப்பை உயர்த்தும்போது செய்யக்கூடாதவை

ஜே.சி. ரோட்டில் நான்கு கடை ஏறி இறங்கி நீளமான போல்ட்டுகளை வாங்கி, பீன்யாவில் ஒரு லேத் பட்டறையில் நைலான் கட்டைகளைக் கடைந்து வாங்கிவிட்டால் பாடி லிஃப்ட் வேலையில் பாதி முடிந்ததாகப் பெங்களூருவில் பலர் நினைக்கிறார்கள். சேசிஸுக்கும் கேபினுக்கும் நடுவில் கட்டை வைத்து மேல் உடலை ஒன்றிரண்டு அங்குலம் தூக்கும் இந்த வேலையில் மிக மலிவான சாமான் அந்தக் கட்டைதான். ஸ்டீயரிங் தண்டு, பிரேக் குழாய், ரேடியேட்டர் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள், எர்த் வயர் என்று ஒரு முனை கீழும் மறுமுனை மேலுமாக இருக்கும் எல்லாமே கேபின் உயரும்போது சேர்ந்து இழுபடும். செலவையும் நேரத்தையும் அவற்றுக்குத்தான் ஒதுக்க வேண்டும்.

அதற்கும் முன்பே ஒரு தவறு நடந்துவிடுகிறது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் நிலம் வைத்திருக்கும் நம்மவர்கள் வண்டி அடி தட்டுகிறது என்று சொல்லி இதைச் செய்யக் கேட்கிறார்கள். பாடி லிஃப்ட்டால் தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட அதிகரிக்காது. பின் அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் கிரவுன் (டிஃபரன்ஷியல்) இருந்த இடத்தில்தான் இருக்கும். மேட்டில் இடிப்பது அதுதான். உண்மையில் கிடைப்பது, பெரிய டயர் சுழல மட்கார்டுக்குள் கொஞ்சம் இடம். அந்த டயர் தரும் உயரமும் நினைப்பதைவிடக் குறைவு. 235/75 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 733 மி.மீ.; 31 அங்குல டயருக்குச் சுமார் 787. வித்தியாசம் 54 என்றாலும் அச்சு உயர்வது அதில் பாதி, 27 மி.மீ.தான். கூடவே ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 64-க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். தொய்ந்துபோன ஸ்பிரிங் பட்டைகளை மாற்றினாலே பழைய வண்டிக்கு இழந்த உயரம் திரும்பும் என்றால், அதைச் செய்துவிட்டுப் பேசாமல் இருப்பதே நல்லது.

தினமும் சரக்கு ஏற்றும் வண்டிக்கு இந்த யோசனையே வேண்டாம். பாரம் மேலே போனால் வளைவில் சாயும்.

சட்டத்தை 'யார் பார்க்கப்போகிறார்கள்' என்று தள்ளுவது அடுத்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளர் அங்கீகாரம் பெற்ற மூல வடிவத்திலிருந்து விலகும் மாற்றங்கள் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அதே ஆண்டின் சட்டத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. பதினைந்து ஆண்டு முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும் வண்டியை முதலில் ஆர்.டி.ஓ. ஆய்வாளர் பார்ப்பார், விபத்து நடந்தால் காப்பீட்டு சர்வேயர் பார்ப்பார். வேலையைத் தொடங்குமுன் இரண்டு இடத்திலும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சொந்த நிலத்துக்குள் மட்டும் ஓடும் வண்டியின் கதை வேறு.

இனி பட்டறைக்குள். மரக்கட்டை, அடுக்கிய வாஷர், வெட்டிய ஜி.ஐ. குழாய், பழைய டயர் ரப்பர் எல்லாவற்றையும் கேபினுக்கடியில் பார்க்கலாம். மரம் இரண்டு மழைக்காலத்தில் பிளக்கும், வாஷர் அடுக்கு நகரும், ரப்பர் அழுந்தி போல்ட்டைத் தளர்த்தும். திட நைலான் அல்லது அலுமினியக் கட்டை, கேபினைத் தாங்கும் மவுண்ட் ரப்பரின் முழு அகலத்துக்கும் உட்காரும் அளவில் வேண்டும். பழைய மவுண்ட் ரப்பர் வெடித்திருந்தால் அதையும் மாற்றாமல் மேலே கட்டை வைப்பதில் அர்த்தமில்லை. உயரம் இரண்டு அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். கட்டை உயர உயர போல்ட்டின் மேல் விழும் பக்கவாட்டு நெம்பலும் கூடும்.

போல்ட்டில் கஞ்சத்தனம் பிடித்தால் மற்றதெல்லாம் வீண். கடையில் மீட்டர் கணக்கில் வரும் மரை போட்ட கம்பியை அறுத்துப் போடுகிறார்கள். அது சாதா இரும்பு. தலையில் 8.8 அல்லது 10.9 என்று வலிமைத் தரம் பொறித்த போல்ட் வேண்டும். நீளம் பழையதைவிடக் கட்டையின் தடிமன் அளவு கூடுதல். மரையையும் பார்த்து வாங்குங்கள்: 12 மி.மீ. போல்ட்டிலேயே 1.25, 1.5, 1.75 என்று மரை இடைவெளி உண்டு. தவறானதை முறுக்கினால் நட்டின் மரை போய்விடும். பழைய வண்டிகளில் அந்த நட்டு பெட்டிபோன்ற அறைக்குள் பற்றவைக்கப்பட்டிருக்கும். துருப்பிடித்ததை ஒரே மூச்சில் திருகினால் பற்று விட்டு உள்ளேயே சுழலும். பிறகு தரைத் தகட்டை அறுக்க வேண்டியதுதான். இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைப்பது இதற்காகத்தான்.

தூக்கும்போது எல்லாப் போல்ட்டையும் தளர்த்தி, ஒரு பக்கத்தை மட்டும் முழுதாகக் கழற்றி, ஜாக்கிக்கு மேல் அகலமான பலகை வைத்து மெல்ல ஏற்ற வேண்டும். ஒருவர் ஏற்றும்போது இன்னொருவர் விளக்கோடு அடியில் இழுபடுவதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பலகை இல்லாமல் தரைத் தகட்டில் நேரே ஜாக்கி கொடுத்தால் தகடு குழிந்துவிடும். பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டியை மறந்து கேபினை மட்டும் தூக்கியவர்களும் இருக்கிறார்கள். தொட்டிக்கும் அதே உயரம், டீசல் ஊற்றும் குழாய்க்கும் அதற்கேற்ற நீளம் வேண்டும்.

நான் பயப்படுவது ஸ்டீயரிங் தண்டுக்கு. ஒன்றுக்குள் ஒன்று செல்லும் இரண்டு துண்டுகள் அதில் உண்டு. கேபின் உயரும்போது வெளித்துண்டு விலகி, உள்ளே பிடித்திருக்கும் பகுதி குறையும். "இரண்டு துண்டாக்கி நடுவில் பைப் வைத்து வெல்டிங் அடித்துத் தருகிறேன் சார்" என்று சாலையோரத்தில் ஒருவர் சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். அந்த மாடலுக்கென்று செய்த நீட்டிப்புத் துண்டு கிடைக்கவில்லையா, லிஃப்ட்டும் வேண்டாம். பொருத்திய பிறகு இரண்டு பக்கமும் முழுதாக வளைத்துப் பாருங்கள். எங்கும் இறுகவோ உரசவோ கூடாது.

பிரேக் இரும்புக் குழாயை இழுத்து நீட்டக் கூடாது. கிளிப்பைக் கழற்றி வளைவில் இருக்கும் தளர்ச்சியைப் பயன்படுத்த வேண்டும், போதாவிட்டால் புதுக் குழாய். ரேடியேட்டர் கேபினோடு ஏறும் வண்டிகளில் விசிறி எஞ்சினோடு கீழே நின்றுவிடும். அதைச் சுற்றியிருக்கும் ஷ்ரவுட்டின் அடி விளிம்பு இறக்கையில் இடிக்கும். ரேடியேட்டரைத் தனியே இறக்கிப் பொருத்த வேண்டும். எர்த் வயர் இறுகி அறுந்தால் ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலாமல் பேட்டரி மேல் பழி விழும்.

முதல் ஓட்டத்துக்குப் பிறகு பின் டிரம்களை எட்டத்திலிருந்தே கையால் உணருங்கள். அனல் அடித்தால் ஹேண்ட் பிரேக் கேபிள் இழுத்துப் பிடித்திருக்கிறது. முகப்பு விளக்குகளைச் சுவர் முன் நிறுத்திக் கீழ்நோக்கித் திருத்துங்கள், இல்லாவிட்டால் ஓசூர் சாலையில் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். முதல் வாரம் முடிந்ததும் எல்லாப் போல்ட்டுகளையும் முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் ஒருமுறை சோதித்துவிட்டு, அதன் பிறகு பெரிய டயரை வாங்குங்கள்.