டிவியில் படம் ஓடுது, ரிசீவரில் சத்தம் இல்லையா? வரிசையாகப் பார்த்துச் சரிசெய்யும் முறை

ஸ்மார்ட் டிவியையும் ஏவி ரிசீவரையும் (டிவி, செட்டாப் பாக்ஸ் சத்தத்தை வாங்கி ஸ்பீக்கர்களுக்குக் கொடுக்கும் பெட்டி) இணைத்தாயிற்று. படம் பளிச்சென்று ஓடுகிறது, ஸ்பீக்கர் ஒன்றிலும் மூச்சில்லை. உடனே ரிசீவரைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போகாதீர்கள். பெரும்பாலும் கேபிள் இடம் மாறியிருக்கும், இல்லையென்றால் ஒரு செட்டிங் மாறியிருக்கும். கீழே சொல்கிற வரிசையை மாற்றாமல் பார்த்தால் கோளாறு எங்கே என்று நீங்களே பிடித்துவிடலாம்.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளுக்கென்று சில தனிச் சிக்கல்கள் உண்டு. டிவி பட்டாலையில் (கூடத்தில்) இருக்கும், ரிசீவர் பக்கத்து அறையில் இருக்கும், நடுவில் ஒன்றரை அடிச் சுவர். எர்த் சரியில்லாத வயரிங் வேறு. அவற்றையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

படி 1: கோளாறு எந்தப் பக்கம்?

டிவியின் சவுண்ட் அவுட்புட்டை டிவி ஸ்பீக்கருக்கு மாற்றுங்கள். சத்தம் வந்தால் சேனலும் ஆப்பும் சரி. அடுத்து ரிசீவரில் எஃப்எம் அல்லது புளூடூத் வைத்து ஒரு பாட்டுப் போடுங்கள். அதுவும் கேட்டால் ஸ்பீக்கரும் வயரும் சரி. மிச்சம் இருப்பது இரண்டுக்கும் நடுவிலுள்ள இணைப்பு மட்டும்தான்.

எஃப்எம் கூடக் கேட்கவில்லையென்றால் டிவியை மறந்துவிட்டு மூன்றைப் பாருங்கள். முகப்பில் ஹெட்போன் குத்தியிருந்தால் ஸ்பீக்கர் தானாக நின்றுவிடும். ஸ்பீக்கர் ஏ, பி என்று பொத்தான் இருந்தால் வயர் கொடுத்த பக்கம் ஆனில் இருக்க வேண்டும். டிஸ்பிளேயில் ‘ப்ரொடெக்ட்’ என்று வந்தால், ஸ்பீக்கர் வயரின் ஒரு செப்பு இழை பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு முனைகளை முறுக்கித் திரும்ப மாட்டுங்கள்.

படி 2: எச்டிஎம்ஐ எந்த ஓட்டையில் இருக்கிறது?

இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். டிவியில் மூன்று நான்கு எச்டிஎம்ஐ இருந்தாலும் சத்தத்தைத் திருப்பி அனுப்புவது பொதுவாக ஒன்றே ஒன்றுதான். பக்கத்தில் ‘ஏஆர்சி’ அல்லது ‘இஏஆர்சி’ (அதன் புதிய வடிவம்) என்று பொடி எழுத்தில் இருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள்.

ரிசீவர் பக்கம்தான் பெரிய குழப்பம். டிவியிலிருந்து சத்தம் ரிசீவருக்கு ‘உள்ளே’ வருகிறது என்று நினைத்து ‘எச்டிஎம்ஐ இன்’ ஓட்டையில் குத்திவிடுகிறார்கள். அது தப்பு. ரிசீவரில் ‘எச்டிஎம்ஐ அவுட்’ அல்லது ‘மானிட்டர் அவுட்’ என்று எழுதியிருக்கும் ஓட்டையில்தான் குத்த வேண்டும். அந்தக் கேபிள் வழியாக ரிசீவரிலிருந்து படம் டிவிக்குப் போகிறது, அதே கேபிளில் டிவியின் சத்தம் எதிர்த்திசையில் திரும்பி வருகிறது. ‘இன்’ ஓட்டைகள் செட்டாப் பாக்ஸ், ப்ளூரே போன்றவற்றுக்கு.

ஏஆர்சி 2009-இல் எச்டிஎம்ஐ 1.4-உடன் வந்தது. அதற்கு முந்தைய ரிசீவரில் எச்டிஎம்ஐ இருந்தாலும் இந்த வசதி இருக்காது. நேராகப் படி 5-க்குப் போங்கள்.

கேபிளையும் சந்தேகப்படுங்கள். எச்டிஎம்ஐ பிளக்கில் 19 முனைகள் உண்டு. 13-ஆவது கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை கொடுப்பதற்கு, 14-ஆவது திரும்பி வரும் சத்தத்துக்கு. மலிவுக் கேபிள் சிலவற்றில் 14-ஐ இணைத்திருக்க மாட்டார்கள். அதனால் படம் குறையில்லாமல் வரும், சத்தம் மட்டும் வராது. ‘ஹை ஸ்பீட் வித் ஈதர்நெட்’ என்று போட்ட கேபிளாக வாங்குங்கள். தங்க முலாம் பூசியதென்று கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

படி 3: சிஇசி-யை இரண்டு பக்கமும் ஆன் செய்யுங்கள்

சிஇசி என்பது கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை கொடுக்கும் வசதி. பெரும்பாலான கருவிகளில் அது இல்லாமல் ஏஆர்சி வேலை செய்யாது. ஆனால் டிவி மெனுவில் அந்தப் பெயரே பல நேரம் இருக்காது. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க், பானசோனிக்கில் வியரா லிங்க், பிலிப்ஸில் ஈஸிலிங்க். ரிசீவரில் ‘எச்டிஎம்ஐ கன்ட்ரோல்’ என்று இருக்கும். அதோடு ‘ஏஆர்சி’ என்று தனி செட்டிங் இருந்தால் அதையும் ஆன் செய்துவிட்டு, இன்புட்டை ‘டிவி ஆடியோ’ என்று வையுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையா? இரண்டையும் ரிமோட்டில் அணைத்தால் போதாது. சுவர் பிளக்கிலிருந்து பிடுங்கி ஐந்து நிமிடம் விட்டு, முதலில் டிவியைப் போட்டு அது முழுதாக எழுந்தபின் ரிசீவரைப் போடுங்கள். டிவி புதிது, ரிசீவர் பழையது என்றால் டிவியில் ‘இஏஆர்சி’ ஆட்டோவில் இருப்பதை ஆஃப் செய்து பாருங்கள்.

கரண்ட் போய் வந்ததும் சத்தம் போய்விடுகிறது என்பவர்கள் பிளக்கைக் கவனியுங்கள். டிவி இன்வெர்ட்டர் லைனிலும் ரிசீவர் நேர் லைனிலும் இருந்தால், கரண்ட் போன நொடியில் டிவி ரிசீவரைக் காணாமல் தன் ஸ்பீக்கருக்குத் தாவிவிடும். கரண்ட் வந்தபின் எல்லா டிவியும் தானாகத் திரும்புவதில்லை. இன்வெர்ட்டர் தாங்குமென்றால் இரண்டையும் ஒரே லைனில் போடுங்கள்.

படி 4: பிசிஎம் வைத்துப் பாருங்கள்

என்னைக் கேட்டால் கேபிளும் சிஇசியும் சரியென்று தெரிந்தவுடன் தொட வேண்டிய முதல் செட்டிங் இதுதான். டிவியின் சவுண்ட் மெனுவில் ‘டிஜிட்டல் அவுட்புட் ஆடியோ ஃபார்மட்’ அல்லது ‘டிஜிட்டல் சவுண்ட் அவுட்’ இருக்கும். அதில் ஆட்டோ, பாஸ் த்ரூ, பிசிஎம் என்று இருக்கும். பிசிஎம் வையுங்கள். இது சுருக்கப்படாத சாதாரண ஸ்டீரியோ. டிஜிட்டல் வாங்கும் எந்த ரிசீவருக்கும் புரியும்.

செய்திச் சேனலில் சத்தம் வருகிறது, ஓடிடி ஆப்பில் மட்டும் வரவில்லை என்பவர்களுக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஆப்புகள் பல டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சுருக்கிய ஒலி வடிவத்தில் அனுப்புகின்றன. பழைய ரிசீவருக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. ‘பாஸ் த்ரூ’ வைத்தால் டிவி வந்ததை அப்படியே தள்ளிவிடும், ரிசீவர் வாயை மூடிக்கொள்ளும். பிசிஎம்மில் சத்தம் வந்துவிட்டதா? இப்போது ஆட்டோவுக்கு மாற்றிப் பாருங்கள். 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபருக்கான ஒலி) வந்தால் அப்படியே விடுங்கள், நின்றுபோனால் பிசிஎம்முக்கே திரும்புங்கள்.

சோதிக்கும்போது ரிசீவரின் ‘இன்ஃபோ’ அல்லது ‘டிஸ்பிளே’ பொத்தானை அழுத்துங்கள். வருகிற சிக்னலின் பெயர் தெரியும். பிசிஎம் என்று காட்டியும் சத்தம் இல்லையென்றால் டிவி தன் வேலையைச் செய்துவிட்டது, மியூட்டையும் வால்யூமையும் பாருங்கள். ஒன்றுமே காட்டவில்லையென்றால் கோளாறு கேபிளிலோ டிவி செட்டிங்கிலோ இருக்கிறது.

பென் டிரைவில் போடும் படத்துக்கு மட்டும் சத்தம் இல்லையென்றால் அந்தக் கோப்பு டிடிஎஸ் (டால்பி போன்ற இன்னொரு வடிவம்) ஒலியில் இருக்கலாம். டிடிஎஸ்ஸை ஏற்காத டிவிகள் உண்டு. அதில் உங்கள் இணைப்புக்குச் சம்பந்தமில்லை.

படி 5: ஆப்டிகல் கேபிள்

பழைய வீடுகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். ஒளியில் ஓடுவதால் கேபிள் டிவி வயர் வழியாக வரும் ‘கொய்ங்’ என்ற இரைச்சல் இந்த இணைப்பில் ஏறாது. மின்னல் நேரத்தில் இந்தக் கேபிள் வழியாக டிவிக்கும் ரிசீவருக்கும் நடுவே மின்சாரம் கடக்கவும் வழியில்லை. 5.1 டால்பி டிஜிட்டல் வரை தாராளமாகப் போகும். ஆனால் டால்பி டிஜிட்டல் பிளஸ், அட்மாஸ் (மேலிருந்தும் ஒலி வரும் டால்பி வடிவம்) போகாது; அதற்கு எச்டிஎம்ஐதான்.

மாட்டுவதற்கு முன் இரு முனையிலும் இருக்கும் பொடி பிளாஸ்டிக் மூடியைக் கழற்றுங்கள். கண்ணாடி மாதிரி இருப்பதால் மூடி என்றே தெரியாது. டிவியில் ஒரு முனையைக் குத்தி, மறுமுனையை உள்ளங்கைமேல் பிடித்தால் சிவப்புப் புள்ளி விழ வேண்டும். விழவில்லையென்றால் டிவியில் சவுண்ட் அவுட்புட்டை ‘ஆப்டிகல்’ ஆக்குங்கள். பிளக்கில் ஒரு பக்கம் மூலைகள் சீவியிருக்கும். அந்தப் பக்கம் பார்த்து ‘டக்’ என்று உட்காரும்வரை தள்ளுங்கள். தூண் மூலையில் மடித்துக் கட்டாதீர்கள். வளைவு 5 செ.மீ. விட்டத்துக்குக் குறையக் கூடாது, உள்ளே இழை உடைந்தால் கேபிளைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

ரிசீவரில் எந்த ஆப்டிகல் எந்த இன்புட்டுக்கு என்று ‘இன்புட் அசைன்’ மெனுவில் சொல்ல வேண்டும். ஆப்டிகலில் பொதுவாக டிவி ரிமோட்டின் வால்யூம் வேலை செய்யாது, ரிசீவர் ரிமோட்டில்தான் கூட்ட வேண்டும். அப்பத்தாவும் ஐயாவும் மட்டும் இருக்கிற வீட்டில் இதை எழுதி டிவி பக்கத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள். சிங்கப்பூரிலிருந்து போனில் சொல்லிப் புரியவைப்பது சிரமம்.

தூரம் 10 மீட்டரைத் தாண்டினால் சாதாரணச் செப்பு எச்டிஎம்ஐ வேண்டாம். ஃபைபர் எச்டிஎம்ஐ வாங்குங்கள். அதற்குத் திசை உண்டு: ‘சோர்ஸ்’ முனை ரிசீவருக்கு, ‘டிஸ்பிளே’ முனை டிவிக்கு. ஏஆர்சி தாங்கும் என்று பெட்டியில் போட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். எந்தக் கேபிளானாலும் சுவரை வெட்டாதீர்கள். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து இழைத்த பூச்சை வெட்டினால், மேலே சிமெண்ட் பூசி அந்த வழவழப்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆத்தங்குடிக் கல் சுவரைத் தொடும் ஓரத்தில் பிவிசி கேசிங் ஓட்டினால் கண்ணில் படாது.

சிவப்பு வெள்ளைப் பின் மட்டும் உள்ள பழைய ஆம்ப்ளிஃபயருக்கு ஆப்டிகலிலிருந்து மாற்றித்தரும் சின்ன ‘டிஏசி’ பெட்டி போதும். டிவியைக் கட்டாயம் பிசிஎம்மில் வையுங்கள். டால்பி போனால் அந்தப் பெட்டியிலிருந்து கரகரப்பு வரும், அல்லது ஒன்றும் வராது.

பின்சேர்க்கை: பின்னணி இசை கேட்கிறது, பேச்சு மட்டும் கேட்கவில்லை என்று பலர் கேட்கிறார்கள். 5.1-இல் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வரும். அது இல்லாமலே ரிசீவர் ‘இருக்கிறது’ என்று நினைத்துக்கொண்டிருந்தால் பேச்சு காற்றில் போய்விடும். ஸ்பீக்கர் செட்டப்பில் சென்டரை ‘நன்’ (இல்லை) ஆக்குங்கள், வசனம் இடது வலதுக்குப் பிரிந்து வரும். நடு ஸ்பீக்கர் இருந்தும் பேச்சு தெளியவில்லையென்றால் கல் தரையும் மினுக்குச் சுவரும் எதிரொலிப்பது காரணமாக இருக்கலாம். சென்டரை 2, 3 டெசிபல் கூட்டி, டிவிக்கு முன்னால் ஒரு ஜமுக்காளம் விரித்துப் பாருங்கள்.

இன்னொன்று: இடி மின்னலுக்கு மறுநாள் எச்டிஎம்ஐயில் மட்டும் சத்தம் நின்று, ஆப்டிகலில் வந்தால், எச்டிஎம்ஐ போர்ட் அடிபட்டிருக்கலாம். வேறு கேபிளிலும் அதே கதைதான் என்றால் அப்போது ரிப்பேருக்குக் கொண்டுபோங்கள். எந்த ஓட்டை, எந்த இன்புட், டிஸ்பிளேயில் என்ன காட்டியது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் கடைக்காரர் எஃப்எம் போட்டுப் பார்த்துவிட்டு ‘நல்லாத்தானே பாடுது’ என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.