பழைய கார் வாங்கப் போகிறீர்களா? உரிமையாளரிடம் விலை பேசும் முறை

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் பழைய கார் பெரும்பாலும் தெரிந்தவர் வழியாகத்தான் கைமாறுகிறது. மைத்துனரின் நண்பர், பாடசாலை அதிபர், சந்தையில் கடை வைத்திருப்பவர் என்று யாராவது ஒருவர் இடையில் இருப்பார். ஆளைப் பற்றி விசாரிக்கலாம் என்பது இதிலுள்ள வசதி. ஆனால் விறாந்தையில் இருத்தி, தேநீரும் பலகாரமும் தந்த மனிதரிடம் "இரண்டு இலட்சம் குறையுங்கள்" என்று கேட்க நாக்கு எழாது. முதன்முறை கார் வாங்குகிறவர் இழக்கும் பணத்தில் பெரும்பகுதி இந்த முகத்தாட்சணியத்தில்தான் போகிறது என்பது என் கணிப்பு.

கூச்ச சுபாவம் உள்ளவரும் கையாளக்கூடிய முறை ஒன்றை இங்கே சொல்கிறேன். கேட்க வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், அந்தத் தாளைப் பேச விடுவதுதான் அது.

1. வீட்டிலிருந்தபடியே சந்தை விலையைப் பிடியுங்கள்

இக்மன், ரியசெவன போன்ற விளம்பரத் தளங்களில் நீங்கள் விரும்பும் அதே மாதிரிக் காரைத் தேடுங்கள். ஒரு பத்து விளம்பரங்களையாவது குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு விடயங்களில் கவனம் தேவை. விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை. விற்ற விலை பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கும். அடுத்து, தயாரித்த ஆண்டும் பதிவு செய்த ஆண்டும் வேறு வேறு. ஜப்பானிலிருந்து பாவித்த காராக வந்தது 2014இல் தயாரிக்கப்பட்டு 2017இல் இங்கே பதிவாகியிருக்கலாம். விற்பவர் "பதினேழாம் ஆண்டுக் கார்" என்பார். நீங்கள் 2014க்குரிய விலையோடு ஒப்பிட வேண்டும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை தாறுமாறாக ஏறியது. அந்த நேரத்தில் வாங்கியவர்கள் இன்னும் அந்த விலையையே மனதில் வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் பேசும்போது இது நினைவில் இருக்கட்டும்.

2. தொலைபேசியில் விலை பேசாதீர்கள்

"கடைசி விலை என்ன?" என்று எடுத்த எடுப்பில் கேட்பவரை எந்த விற்பனையாளரும் பெரிதாக எண்ணுவதில்லை. கார் பார்க்காதவருக்குச் சொல்லும் விலை கடைசி விலையாகவும் இருக்காது. தொலைபேசியில் விபரம் மட்டும் கேளுங்கள். பதிவுப் புத்தகம் யார் பெயரில் இருக்கிறது? லீசிங் முடிந்துவிட்டதா? எத்தனையாவது உரிமையாளர்? விபத்து ஏதும் நடந்ததா? ஏன் விற்கிறார்? கடைசிக் கேள்விக்கு வரும் பதில் மிகவும் பெறுமதியானது. வெளிநாடு போகும் திகதி குறித்தவரும், மகளின் கலியாணத்துக்குப் பணம் தேடுபவரும், "நல்ல விலை வந்தால் கொடுப்போம்" என்று இருப்பவரும் ஒரே மாதிரி இறங்கி வரமாட்டார்கள்.

இன்னொன்றையும் அப்போதே சொல்லிவிடுங்கள். "நான் வரும்வரை காரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்." இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது இயக்கிப் பார்த்தால்தான் அதன் உண்மையான குணம் தெரியும். போனதும் பொனட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் காரணம் கேளுங்கள்.

3. பகலில் போய், துருவையும் வெள்ளத்தையும் தேடுங்கள்

கல்லடியிலிருந்து காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று நம் ஊர்கள் கடலோரமாகவே நீண்டு கிடக்கின்றன. உப்புக் காற்று காரை அடியிலிருந்து தின்னும். மேலே பளபளப்பாகப் பெயின்ட் அடித்த கார்தான் அடியில் அதிகம் ஏமாற்றும். குனிந்து, கதவுகளின் கீழ் விளிம்பையும் சக்கர வளைவின் உள்பக்கத்தையும் பாருங்கள். டிக்கியைத் திறந்து, மேலதிக டயரைத் தூக்கி, அதன் கீழுள்ள குழியைப் பாருங்கள். அங்கே யாரும் பெயின்ட் அடிக்க நினைப்பதில்லை.

வெள்ளத்தில் நின்ற காரும் நம் பகுதியில் அரிதல்ல. சீட் பெல்ட்டை முடிவு வரை இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் மட்டும் நிறம் மாறிச் சேற்றுக் கறை தெரிந்தால் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். கால்மிதிக்குக் கீழுள்ள கார்பெட்டைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். வாசனைத் திரவியம் தூக்கலாக மணந்தால் இன்னும் கவனமாக முகருங்கள். வெள்ளத்தில் மூழ்கிய கார் என்று உறுதியானால் விலை பேசவே வேண்டாம். வயர்களின் கோளாறு மாதக்கணக்கில் கழித்துத்தான் தலைகாட்டும். அதற்குச் சரியான கழிவைக் கணிக்க யாராலும் முடியாது.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் தனியே பொறித்திருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. தடம் ஆழமாக இருந்தாலும் டயர் கிழடாக இருக்கலாம். விற்பவருக்கே பெரும்பாலும் தெரியாத இந்த எண், விலை பேசும்போது மறுக்க முடியாத சாட்சி.

புகைக் குழாயைப் பாருங்கள். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. விடாமல் வெண்புகை வந்தால் குளிர்விக்கும் நீர் உள்ளே போகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். மட்கார்ட்டையும் பொனட்டையும் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் ஸ்பனர் பட்ட தழும்பு இருந்தால் அவை கழற்றப்பட்டிருக்கின்றன; விபத்தா என்று கேளுங்கள். மீட்டர் காட்டும் கிலோமீற்றரை அப்படியே நம்பாதீர்கள். ஸ்டியரிங்கும் பிரேக் மிதியும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஹைபிரிட் கார் என்றால் பெட்டரியை ஸ்கேன் செய்யாமல் ஒரு சதமும் பேச வேண்டாம். பிறகு உங்களுக்குத் தெரிந்த கராஜ் பாஸிடம் (மெக்கானிக்கிடம்) காட்டுங்கள். விற்பவர் "நம்ம பாஸ்" என்று சொல்லும் கராஜ் சரிவராது. காட்ட விடாதவரிடம் வாங்கவும் வேண்டாம்.

4. தாளை எழுதுங்கள்

பார்த்துவிட்டு உடனே விலை பேசாதீர்கள். "கொஞ்சம் யோசித்துவிட்டு வருகிறேன்" என்று எழும்பி வந்துவிடுங்கள். கராஜில் விசாரித்து ஒவ்வொரு குறைக்கும் செலவு போடுங்கள். கணக்கு விளங்குவதற்காக ஒரு கற்பனை உதாரணம் தருகிறேன். இன்றைய சந்தை விலையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேட்கும் விலை 38 இலட்சம். அதே ஆண்டு, குறையில்லாத காரின் விலை 36 இலட்சத்து 50 ஆயிரம். டயர் நான்குக்கு 1 இலட்சத்து 20 ஆயிரம், ஏசி வேலைக்கு 60 ஆயிரம், முன்பக்க சஸ்பென்ஷனுக்கு 45 ஆயிரம், வாகன வருமான அனுமதிப்பத்திர (ரெவனியூ லைசென்ஸ்) நிலுவை 15 ஆயிரம். மொத்தம் 2 இலட்சத்து 40 ஆயிரம். ஆக இந்தக் காருக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய உச்சம் 34 இலட்சத்து 10 ஆயிரம். இந்த எண்ணை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். அந்த இடத்தில் மனம் இளகும்போது பிடித்து நிறுத்த ஓர் ஆள் வேண்டும். பேச்சைத் தொடங்க அதற்கும் கீழே ஓர் எண், உதாரணமாக 32 இலட்சத்து 75 ஆயிரம்.

5. உட்கார்ந்து பேசுங்கள்

அண்ணன், ஐயா, காக்கா, நானா, எந்த முறை சொல்லி அழைத்தாலும் முதலில் நல்லதைச் சொல்லுங்கள். காரைக் கேவலப்படுத்திப் பேசினால் விலை குறையாது, மனிதர்தான் முறுகிக்கொள்வார். பேச்சு இப்படிப் போகலாம்.

"அண்ணன், காரை வடிவாகத்தான் வைத்திருக்கிறீர்கள். எனக்குப் பிடித்திருக்கிறது. செய்ய வேண்டிய வேலைகளைக் கராஜில் கேட்டு எழுதியிருக்கிறேன், ஒருக்கால் பாருங்கள்."

"டயர் நல்லாத்தானே இருக்கிறது தம்பி?"

"தடம் இருக்கிறது அண்ணன். ஆனால் 2017இல் செய்தது. எண்ணை வந்து பாருங்கள், காட்டுகிறேன்."

"சரி, நீர் எவ்வளவு தருவீர்?"

"இந்தச் செலவெல்லாம் என் தலையில் வருவதால் 32 இலட்சத்து 75 ஆயிரம் சொல்கிறேன்."

இதைச் சொன்னதும் வாயை மூடிக்கொள்ளுங்கள். புதியவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான். மௌனம் பொறுக்காமல் "இல்லாவிட்டால் 33 என்றாலும் சரி" என்று தாங்களே ஏறிவிடுவார்கள். தேநீரைக் குடியுங்கள். அடுத்த எண் அவரிடமிருந்து வரட்டும். நீங்கள் ஏறும்போது முதலில் 50 ஆயிரம், பிறகு 30, பிறகு 15 என்று படியைச் சிறிதாக்கிக்கொண்டே போங்கள். பணப்பை அடிதட்டுகிறது என்பது அவருக்குத் தானாக விளங்கும்.

"நேற்று ஒருவர் 37க்குக் கேட்டார்" என்பது எல்லா ஊரிலும் ஒலிக்கும் பல்லவி. மறுக்காதீர்கள். "அது நல்ல விலை அண்ணன், அவர் வந்தால் கொடுங்கள். வராவிட்டால் எனக்கு ஒரு கோல் எடுங்கள்" என்று இலக்கத்தைக் கொடுத்துவிட்டு எழும்புங்கள். "நான் வாங்கிய விலையே 40" என்றால், இறக்குமதி மூடியிருந்த காலத்து விலை அது என்று பணிவாக நினைவூட்டுங்கள். தரகர் இருந்தால் அவருடைய தரகுப் பணம் யார் தலையில் என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். அதுவும் உங்கள் தாளில் ஒரு வரியாக ஏற வேண்டியது.

உச்சத்தை அவர் தொடவில்லையென்றால் கோபமில்லாமல் விடைபெறுங்கள். இரண்டு மூன்று நாளில் அழைப்பு வரலாம், வராமலும் போகலாம். வேறு கார் இருக்கிறது.

6. கை கொடுத்த பிறகு

முற்பணம் சிறிதாகவே கொடுங்கள். பதிவிலக்கம், பேசிய விலை, மீதி கொடுக்கும் திகதி, ஆவணம் சரியில்லாவிட்டால் பணம் திரும்பும் என்ற நிபந்தனை எல்லாம் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். பதிவுப் புத்தகத்தின் மூலப் பிரதியை வாங்கி, அதிலுள்ள செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் காரில் உள்ளதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். முழுமையான உரிமையாளர் என்ற இடத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால் கடன் அங்கே நிற்கிறது. அப்போது கடன் தொகையை அந்த நிறுவனத்திலேயே நேரில் கட்டி, விடுவிப்புக் கடிதத்தைப் பெற்று, மிச்சத்தை மட்டும் விற்பவரிடம் கொடுங்கள்.

"ஓப்பன் பேப்பர்தான், பெயர் மாற்றத்தைப் பிறகு பார்க்கலாம்" என்று சொல்லி விலையைக் கொஞ்சம் குறைப்பவர்களும் உண்டு. வாங்குபவர் பெயரை எழுதாமல் கையொப்பம் மட்டும் இட்ட பெயர் மாற்றப் படிவம்தான் ஓப்பன் பேப்பர். புத்தகத்தில் பெயருள்ளவர் ஒருவர், விற்பவர் இன்னொருவர் என்றால், பெயருள்ளவர் நேரில் வந்து கையொப்பமிடும்வரை அந்தக் கழிவு வெறும் தூண்டில். மீதிப் பணத்தை வங்கிக் கிளையில் வைத்து, புத்தகத்தில் பெயருள்ளவரின் கணக்குக்கு மாற்றுங்கள். பெயர் மாற்றப் படிவம், அடையாள அட்டைப் பிரதி, காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ், இரண்டாவது சாவி எல்லாம் அதே மேசையில் உங்கள் கைக்கு வரட்டும்.